சட்டைக் கையில் கறுப்பு டேப்

படப்பிடிப்புக்குப் பழைய கார் ஏற்பாடு செய்யும் நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். இடது கையில், முழங்கைக்கு மேலே, கறுப்பு டேப்பில் கிழித்த நாலைந்து துண்டுகள் ஒட்டியிருக்கும். வேலை முடியும்போது அவற்றை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டு, கை வெறுமையானதும்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். “அங்கிள், இது என்னா, வேண்டுதலா?” என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். “ஆமா, அப்படித்தான்” என்று சொல்லி நழுவிவிட்டேன். அன்றைக்கு வெயில் அதிகம், கால் வலி வேறு. இந்தக் கதையை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தவும் முடியாது.

இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சாக்குச் சொல்ல வழியில்லை. காரை எப்படிக் கட்டி இழுப்பது, கேமரா எந்தப் பக்கம் இருந்தால் எந்தக் கண்ணாடியைத் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நான் எழுதப்போவது என் தப்பு ஒன்றைப் பற்றி. அதைச் செய்ய ஐந்து விநாடி ஆனது. வாயைத் திறந்து சொல்ல மூன்று வாரம் ஆனது.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார்களைவிடக் கார் விளம்பரங்கள்மேல்தான் ஆசை. எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. அப்பா துறைமுகத்துக்குச் சைக்கிளில் போனார். அடுத்த தெருவில் டிவி வைத்திருந்த வீட்டுச் சன்னலுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்று பார்ப்போம். நடுவில் விளம்பரம் வந்தால் மற்றவர்கள் கோலி ஆடப் போய்விடுவார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிரிட்டிஷ் குடும்பக் கார்களின் விளம்பரங்கள் அவை. அப்பா கையுறை போட்டுக்கொண்டு ஓட்டுவார். அம்மா தலையில் துணி கட்டியிருப்பார். பின்னால் இரண்டே இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். கனமான குரலில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. வெளியே மழை கொட்டும், வைப்பர் ஆடும், உள்ளே எல்லோரும் நனையாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மழைக் காட்சி எனக்கு மனப்பாடம்.

அதே கார்களைப் பினாங்குச் சாலைகளில் பார்த்தால் உள்ளே ஒன்பது பேர் இருப்பார்கள். மடியில் பிள்ளைகள், கூரையில் பாய்க்கட்டு, எல்லோருக்கும் வியர்வை. விளம்பரத்தில் யாருக்கும் வியர்க்காது. எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. விளம்பரம்தான் அசல், சாலையில் ஓடுவது அதன் மட்டமான நகல் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை வைத்தே நாற்பது வருடம் பிழைத்தேன். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கோலாலம்பூரிலிருந்து விளம்பரக்காரர்கள் ஜார்ஜ் டவுனுக்கு வருவார்கள். பழைய கடைவீடு, அதன் முன்னால் பழைய பிரிட்டிஷ் கார், உள்ளே சிரிக்கிற குடும்பம். விற்பது பிஸ்கட்டாக இருக்கலாம், காப்புறுதியாக இருக்கலாம், கைப்பேசியாக இருக்கலாம். கார் மட்டும் மாறாது. படம் எடுக்கிற பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே அந்தக் கார்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனாலும் அவர்களுக்குத்தான் ஏக்கம் அதிகம்.

தீவில் ஓடுகிற நிலையில் இருந்த மோரிஸ் மைனர் கார்களில் மிகச் சுத்தமானது ஒரு மிஸ்ஸியிடம் இருந்தது. இங்கே தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் போகாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இது நடந்தபோது மிஸ்ஸிக்கு எழுபத்தெட்டு வயது, எனக்கு அறுபது. கணவர் காலமாகிப் பல வருடங்கள். ஒரே மகள் கோலாலம்பூரில். அந்த வெளிர் பச்சைக் காரை இளம் தாதியாக இருந்தபோது வாங்கியவர், அன்றிலிருந்து வேறு ஒருவரை ஓட்ட விட்டதில்லை.

முதல் தடவை பார்த்தபோது என் வழக்கமான பல்லவியைப் பாடினேன். இங்கே காரைக் காடி என்போம். “பழைய காடிய எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க மிஸ்ஸி!”

“பழைய காடி இல்ல தம்பி. என் காடி,” என்றார். “மார்க்கெட்டுக்குப் போறது, கோயிலுக்குப் போறது எல்லாம் இதுலதான். வேற காடி என்கிட்ட இல்லலா.”

காரைக் கொடுக்க அவர் சம்மதித்ததே மகளுக்காகத்தான். அம்மா இனிமேல் ஓட்டக் கூடாது என்று மகள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். அதை மிஸ்ஸி எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஒரே ஒரு தடவ நடுரோட்டுல நின்னுச்சின்னா, மறுபேச்சு பேசாம சாவிய கொடுத்துடணும்னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டேன். டிவில ஓடுறத பாத்தாவது அவளுக்கு நம்பிக்கை வரட்டும்.”

சாவி போனால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில் அவருடைய சீனத் தோழி ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். இருவரும் ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள். வாரத்துக்கு இரண்டு தரம் மிஸ்ஸி மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டு போய், அவருடைய படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து கட்டிவிட்டு வருவார். அதை அவர் உதவி என்று சொல்வதில்லை, டியூட்டி என்றுதான் சொல்வார். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டுதான் காரை வாடகைக்கு எடுத்தேன் என்பதை நினைவில் வையுங்கள்.

விளம்பரம் ஒரு பிஸ்கட்டுக்கு. இயக்குநர் சின்ன வயது, மரியாதையான பையன். பழைய பிரிட்டிஷ் விளம்பரங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எனக்கே போட்டுக் காட்டினான். அதில் என் மழைக் காட்சியும் இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்ததை இத்தனை வருடம் கழித்து உள்ளங்கையில் பார்த்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னேன். “இதே மாதிரி வேணும் அங்கிள். வெளிய மழ, உள்ள ஃபேமிலி,” என்றான். செய்துவிடலாம் என்றேன். அன்று முழுவதும் நான் வேலைக்காரனாக இல்லை, அந்தச் சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளையாகத்தான் இருந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஜார்ஜ் டவுனில் ஒரு குறுகலான தெருவை மறித்தோம். காரைத் தாழ்வான டிரெயிலரில் ஏற்றி, தண்ணீர் லோரியிலிருந்து குழாய் பிடித்து மழை பெய்ய வைத்தோம். நடிகர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். மிஸ்ஸி குடைக்கு அடியில் நாற்காலி போட்டு, தன் காருக்குள் வேறு யாரோ ஸ்டீயரிங்கைப் பிடிப்பதை உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இஞ்சின் ஓடவில்லை. ஆனால் வைப்பர் ஆட வேண்டும் என்பதால் சாவியைத் திருப்பி வைத்திருந்தோம். அப்போது ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரியும். இஞ்சினில் எண்ணெய் இல்லாமல் போனால் எச்சரிக்கிற விளக்கு அது. இஞ்சின் நிற்கும்போது சாவி திருகியிருந்தாலும் எரியும். மானிட்டரில் பார்த்தால் அம்மாவாக நடித்தவரின் கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது.

“அங்கிள், அந்த ரெட் லைட்ட மறைக்க முடியுமா?”

“அது என்னா பெரிய விசயம்,” என்றேன். நகத்தளவு கறுப்பு டேப்பைக் கிழித்து விளக்கின் கண்ணாடிமேல் ஒட்டினேன். ஐந்து விநாடி வேலை. அதற்கு முன் நூறு கார்களிலாவது செய்திருப்பேன். காட்சி முடிந்ததும் உரித்துவிடுவேன்.

காட்சி அருமையாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்கால வெளிச்சம் போவதற்குள் அடுத்த தெருவில் கார் இல்லாத இன்னொரு காட்சி எடுக்க வேண்டியிருந்ததால், காரை அவசரமாக டிரெயிலரிலிருந்து இறக்கினோம். இறங்கும்போது சறுக்குப் பலகையின் விளிம்பில் காரின் அடிப்பாகம் ‘டக்’ என்று இடித்தது. எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்தேன். தரையெல்லாம் எங்கள் மழைத் தண்ணீர். எண்ணெய் சொட்டியிருந்தாலும் அதில் தெரிந்திருக்காது. நிமிர்ந்துவிட்டேன்.

மிஸ்ஸி தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் முப்பது பேர் வரிசையாக நின்று அவருக்காகக் கை தட்டினார்கள். கல்யாணப் பெண்போல வெட்கப்பட்டார். எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பி, கிளம்பிப் போய்விட்டார். நானும் கை தட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், அவரிடமிருந்து போன். “தம்பி, உங்ககிட்ட இழுக்குற லோரி இருக்கில்ல? பாலிக் புலாவ் மேட்டுல நின்னுட்டேன். ஒன்னும் அவசரம் இல்ல, பசியாறிட்டு வாங்க.”

பசியாறவில்லை. ஓடினேன். ஒரு வளைவில், பாறைப் பக்கமாகக் கார் ஒதுங்கி நின்றது. ஏற்றத்தில் இஞ்சின் திடீரென்று இறுகி நின்றிருக்கிறது. பின்னால் வந்த மண் லோரி ஒரு முழ இடைவெளியில் விலகிப் போனதாம். மிஸ்ஸி எதிரே இருந்த ஜாதிக்காய் ஜூஸ் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துக் கட்டுப் பை. அடி எதுவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

“லைட்டு எரிஞ்சிருக்கும் தம்பி. எரியாம இருக்குமா? நான்தான் பாக்கல,” என்றார். “முப்பத்தஞ்சு வருசம் வார்டுல ராத்திரி பகலா ட்ரிப்ஸ் பாட்டில பாத்தவ நான். கண்ணு முன்னால ஒரு செகப்பு லைட்டு, அது எனக்குத் தெரியலன்னா பாத்துக்குங்களேன்.”

டேப்பை உரித்ததாக எனக்கு நினைவில்லை. காருக்குப் போனேன். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். டேப் அங்கேயே இருந்தது. ஒழுங்காக, நேராக, நான் ஒட்டியபடியே இருந்தது.

பிள்ளைகளே, நம் வேலையில் தீர்மானம் எடுக்கும் நேரம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது இதுதான். சத்தம் போடுகிற இயக்குநரும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. ஒரு கார், ஒரு துண்டு டேப், பத்தடி தூரத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷி. கதவைத் திறந்து “மிஸ்ஸி, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டிருந்தால் முடிந்தது கதை. நான் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று என்னையே நிறையக் கேட்டுவிட்டேன். தீவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். விஷயம் வெளியே போனால் எனக்கு இனி யார் கார் தருவார்கள் என்று பயம் வந்தது. என்னை நம்பி நாலு பேர் வேலை செய்தார்கள். இந்தக் காரணங்களெல்லாம் பின்னால் யோசித்துச் சேர்த்தவை. அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வெறும் வெட்கம்தான். டேப் கையில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தோன்றியது.

கடைக்குத் திரும்பியபோது மிஸ்ஸி மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாம்மா... இல்லம்மா, அடியெல்லாம் இல்ல... நீ சொன்னதுதான் சரி. என் கண்ணு பாக்கல.” அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் ஜூஸ் குடித்தேன். அன்று தோழி வீட்டுக்கு அவரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் “உங்களுக்குத்தான் சிரமம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மத்தியானம், விளம்பரத்தின் தயாரிப்பு நிர்வாகி கார் நின்றதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். “நம்ம பக்கம் ஒன்னும் இல்லதானே அங்கிள்? இருந்தாலும் இப்ப எதுவும் பேச வேணாம்.” பல வருடம் இந்த அழைப்பைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று. ஆனால் அவர் கூப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே டேப் என் பையில் இருந்தது.

காரைப் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “எண்ணெத் தொட்டி அடி வாங்கியிருக்கு அண்ணே. கொஞ்சங் கொஞ்சமா ஒழுகிக் காலியாயிருக்கு. ஆனா லைட்டு எரிஞ்சிருக்குமே, அந்தம்மா பாக்கலையா?”

“வயசாயிடுச்சுல்ல,” என்றேன்.

டேப்பை மறந்தது தப்பு. உரித்து ஒளித்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் இன்றைக்கும் குளிக்கும்போதோ கார் ஓட்டும்போதோ திடீரென்று நினைவுக்கு வந்து என்னைக் கூசவைப்பது அந்தச் சொல்தான். யாரும் என்னைக் கேட்டு வற்புறுத்தவில்லை. தோளைக் குலுக்கியிருந்தால் போதும். நானாக, வாய் கூசாமல், பழியைத் தூக்கி அவருடைய வயதின்மேல் போட்டேன்.

மூன்றாவது வாரம் இஞ்சின் வேலை பற்றிப் பேச மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். மகள் வந்து போயிருந்தார். கார் சாவி மாட்டும் ஆணி சுவரில் வெறுமையாக இருந்தது. மிஸ்ஸி எனக்குக் கோப்பி கலக்கப் போனவர், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உடனே எழுந்து போய் மறுபடி பார்த்துவிட்டு வந்தார். பேச்சின் நடுவே மூன்றாவது முறையும் போனார்.

“பாலிக் புலாவுக்குப் போனீங்களா மிஸ்ஸி?” என்று கேட்டேன்.

“வேற தாதிய பாத்துக்கச் சொல்லிட்டேன். பஸ்சுல போகலாம், அது பெருசில்ல. ஆனா என் கண்ண நம்பி இன்னொருத்தர் புண்ண எப்படித் தொடுறது?” என்றார். பிறகு மேசையில் இருந்த மாத்திரைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. நான் படிச்சிட்டேன். இருந்தாலும் நீங்க ஒரு தடவ படிங்க.”

எழுத்துப் பெரிதாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியும் போட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தவர், கார் வாடகைக்கு எடுக்கிறவனிடம் மாத்திரையின் பெயரைக் கேட்கிறார். நான் பெயரைப் படித்தேன். பிறகு பணப்பையைத் திறந்து, லைசன்ஸ் உறையின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்த டேப்பை உரித்து மேசைமேல் வைத்தேன். அதை ஏன் வீசாமல் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, சறுக்குப் பலகை, கடையில் குடித்த ஜூஸ், பட்டறையில் சொன்ன சொல் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்ஸி டேப்பைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வார்டுல மருந்து மாத்திக் கொடுத்துட்டா என்ன செய்யணும் தெரியுமா?” என்றார். “மொதல்ல நோயாளிகிட்ட ஓடணும். அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லணும். பயப்புடுறது, அழுவுறது எல்லாம் டியூட்டி முடிஞ்சி வீட்டுல. நீ வீட்டுல செய்ய வேண்டியத மொதல்ல செஞ்சிருக்க.”

அதுவரை எனக்கு நீங்க என்று சொன்னவர் நீ என்றார். சரிதான் என்று தலை குனிந்துகொண்டேன்.

“இஞ்சின் இரும்பு, அத மாத்திக்கலாம். மூனு வாரமா நான் என்னையே நம்பல. அடுப்ப நம்பல, கண்ண நம்பல, கைய நம்பல. அத எந்த வோர்க்‌ஷாப்புல கொண்டுபோய் விடுவ?” என்றார். பிறகு, “சாவிய திருப்புறப்ப லைட்டு எரியுதான்னு பாக்குறது என் பழக்கம். அன்னிக்கு எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் இளிச்சிக்கிட்டே பாக்காம விட்டுட்டேன். மறுநாள் காலையும் அதே நெனப்புல பாக்காமலே கெளம்பிட்டேன். அது என் கணக்கு. மத்ததெல்லாம் உன் கணக்கு,” என்றார்.

மகளுக்குத் தன் முன்னாலேயே போன் செய்யச் சொன்னார். செய்தேன். மகள் முழுவதையும் கேட்டார். “அங்கிள், சாவிய நான் பிடுங்கிட்டு வரல,” என்றார். “திட்டுவாங்க, சண்ட போடுவாங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன். அவங்களே ஆணியிலேருந்து எடுத்துக் கையில கொடுத்தாங்க. அதப் பாத்துதான் எனக்குப் பயமாயிடுச்சி. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சின்னு தினமும் அழுதேன்.” அதற்குமேல் என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இஞ்சினை நானும் தயாரிப்புக்காரர்களும் சேர்ந்து சரிசெய்து கொடுத்தோம். நான் வாயைத் திறந்ததற்காக அந்த நிர்வாகி இரண்டு வருடம் எனக்கு வேலை தரவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்தது. நான் பயந்ததுபோல எல்லோரும் கதவைச் சாத்தவில்லை. இரண்டு பேர் சாத்தினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்போதிருந்துதான் சட்டைக் கையில் டேப். காரில் எதை மறைக்க ஒரு துண்டு ஒட்டினாலும், அதே நீளத்தில் இன்னொரு துண்டு என் கையில் ஒட்டிக்கொள்வேன். காரிலிருந்து ஒன்று வந்தால்தான் கையிலிருந்து ஒன்று போகும். இதை நீங்களும் செய்யுங்கள், சிரித்துக்கொண்டே செய்தாலும் பரவாயில்லை. பழைய நாட்களை அழகாகக் காட்டுவது நம் தொழில். அழகுக்காக எதை மறைத்தோம் என்று மறக்காமல் இருப்பதும் நம் தொழில்தான்.

அந்த விளம்பரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது அதைப் பகிர்கிறார்கள். அடியில் நூற்றுக்கணக்கான பேர் “அந்தக் காலமே தனி” என்று எழுதுகிறார்கள். அம்மா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் கைக்குப் பக்கத்தில் பாருங்கள், கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். எனக்கு அந்தப் படத்தில் இப்போது அது மட்டும்தான் தெரிகிறது. மழையும் தெரியவில்லை, குடும்பமும் தெரியவில்லை.

கார் தயாரான அன்று மகளே சாவியோடு வந்திருந்தார். மிஸ்ஸி உடனே பாலிக் புலாவுக்குக் கிளம்பினார். மடியில் இருந்த மருந்துக் கட்டுப் பையை என்னிடம் நீட்டி, “நீயும் ஏறு,” என்றார். மகள் வாசலிலேயே நின்றார். நான் முன்னிருக்கையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை கை தட்ட யாரும் இல்லை.

மிஸ்ஸி சாவியைப் பாதி திருப்பினார். விளக்கு சிவப்பாக எரிந்தது. நன்றாகத் தெரிந்தது, வெயிலிலும் தெரிந்தது. ஆனால் அவர் இஞ்சினைக் கிளப்பவில்லை. கையை நீட்டி, கட்டைவிரலால் அந்த விளக்கின் கண்ணாடியைத் தடவினார்.

“ஒன்னும் இல்ல மிஸ்ஸி,” என்றேன்.

“தெரியும்,” என்றார். தெரிந்தும் இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தார். அதற்குப் பிறகு நான்கு வருடம், தானாகவே போதும் என்று நிறுத்தும்வரை, அவர் ஓட்டினார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அப்படித் தடவிப் பார்த்தார் என்று மகள் சொன்னார்.